கணக்கு மறக்கும் இரவுகள்



2025 ஆம் ஆண்டு டிசம்பர் 6 ஆம் நாள் நள்ளிரவையொட்டி, கோவா மாநிலத்தின் ஆர்ப்போரா என்னும் சிற்றூரில் இருந்த இரவு விடுதி ஒன்று தீப்பற்றி எரிந்ததையும், அதில் 25 பேர் மாண்டதையும் செய்தித்தாள்களில் படித்திருப்பீர்கள். செய்தி வெளியான மறுநாள், சுபுஹுத் தொழுகைக்குப் பின் எங்கள் பள்ளிவாசலில் நான் வழக்கமாகப் பேசும் ஐந்து நிமிடப் பேச்சில் அதைக் குறிப்பிட்டேன். "குடியும் கூத்துமாக இருந்தவர்களை இறைவனின் பிடி எப்படிப் பிடித்தது, பார்த்தீர்களா?" என்று கேட்டேன். முன்வரிசையில் அமர்ந்திருந்த பெரியவர்கள் தலையசைத்தார்கள். காலத்திற்கேற்ற கருத்தொன்றைச் சொல்லிவிட்ட நிறைவோடு நானும் பேச்சை முடித்துக்கொண்டேன்.

எல்லாரும் கலைந்தபின் ஓர் இளைஞன் மட்டும் தூணருகே அமர்ந்திருந்தான். சிறு வயதில் என்னிடம் குர்ஆன் ஓதியவன். இப்போது தூத்துக்குடித் துறைமுகத்தை நம்பி நடக்கும் சரக்கு அனுப்பும் அலுவலகம் ஒன்றில் பணிபுரிகிறான். "ஹஜ்ரத், உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். நானும் அப்படிப்பட்ட இடத்துக்குப் போய்வந்தவன்தான்" என்றான்.

அவன் கூறியவற்றை அவனுடைய அனுமதியோடு, பெயரும் ஊரும் நீக்கி, இங்கே எழுதுகிறேன். பிறர் குறையை அம்பலப்படுத்துவது என் நோக்கமன்று. நம் பிள்ளைகள் எங்கே போகிறார்கள், அங்கே என்ன நடக்கிறது, ஏன் போகிறார்கள் என்பதை அறியாமலேயே நாம் அறிவுரை வழங்கிக்கொண்டிருக்கிறோம். அந்த அறியாமையில் எனக்கும் பங்குண்டு என்பதை அன்று காலையில்தான் உணர்ந்தேன்.

அவன் கண்ட இரவு

2025 அக்டோபரில், தீபாவளியையொட்டி அலுவலகத்தில் போனஸ் கொடுத்திருக்கிறார்கள். நண்பர்கள் நால்வர் சேர்ந்து திட்டமிட்டார்கள். வீட்டில் சொன்னது, கேரளம் சுற்றிப் பார்க்கப் போகிறோம் என்று. உண்மையில் திருநெல்வேலியில் இரயில் ஏறி, கேரளத்தைக் கடந்து, கொங்கண் பாதை வழியாக அவர்கள் இறங்கியது கோவாவின் மட்காவ் நிலையத்தில். இரண்டு நாட்கள் கடற்கரையில் சுற்றியபின், மூன்றாம் நாள் இரவு, ஒருவன் கைபேசியில் பார்த்து வைத்திருந்த இரவு விடுதிக்குப் போனார்கள்.

வாயிலிலேயே முதல் பாடம். பெண் துணையின்றி வரும் ஆண்களுக்கு நுழைவுக் கட்டணம் அதிகம். ஆளுக்கு மூவாயிரம் ரூபாய். ஆனால் அந்தப் பணத்துக்கு உள்ளே பானங்கள் பெற்றுக்கொள்ளலாம் என்றார்கள். "எலுமிச்சைச் சாறு மட்டும் குடித்துவிட்டு வந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன், ஹஜ்ரத். மூவாயிரத்துக்கு யாராவது எலுமிச்சைச் சாறு குடிப்பார்களா என்று நண்பர்கள் சிரித்தார்கள்" என்றான். கொடுத்த பணம் வீணாகக் கூடாது என்ற கணக்குத்தான், அவனை அதுவரை தொடாத ஒன்றைத் தொட வைத்தது. சிக்கனம் என்ற நற்குணத்தையே தூண்டிலில் கோத்துப் போடத் தெரிந்தவர்கள் அந்தத் தொழிலை நடத்துகிறார்கள்.

உள்ளே ஒரே இருட்டு. இடையிடையே மின்னல்போல் வெட்டும் வண்ண விளக்குகள். பக்கத்தில் இருப்பவன் காதில் கத்தினாலும் கேட்காத இரைச்சல். பேச முடியாத இடத்தில் கை என்ன செய்யும்? மீண்டும் மீண்டும் குவளையைத்தான் தேடும். சுவரில் கடிகாரம் இல்லை. எவரும் காசை எண்ணிக் கொடுப்பதும் இல்லை. மணிக்கட்டில் ஒரு பட்டை கட்டிவிடுகிறார்கள். கேட்டதெல்லாம் வருகிறது, ஒவ்வொன்றும் எங்கோ ஓர் இயந்திரத்தில் பதிவாகிறது. நேரமும் தெரியாது, செலவும் தெரியாது. "ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது என்று நினைத்தேன். வெளியே வந்து பார்த்தால் நான்கு மணி நேரம் போயிருந்தது" என்றான்.

"சந்தோஷமாக இருந்ததா?" என்று நான் கேட்டேன். சற்று யோசித்தான். "முதல் அரைமணி நேரம் இருந்தது, ஹஜ்ரத். பொய் சொல்ல மாட்டேன். அதற்குப் பிறகு சந்தோஷமாக இருப்பதுபோல் நால்வரும் ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டோம்."

பின்னிரவில் தகராறு மூண்டது. கூட்டத்தில் தோள் இடித்துவிட்டது என்று தொடங்கிய பேச்சு, கண்ணாடிக் குவளை உடைவதில் முடிந்தது. இடித்தவன் யார், அடித்தவன் யார் என்று எவருக்கும் தெரியாது. அவனுடைய நண்பன் ஒருவனுக்கு உதடு கிழிந்து இரத்தம் கொட்டியது. பவுன்சர் என்று அழைக்கப்படும் காவலர்கள் நால்வரையும் சட்டையைப் பிடித்து இழுத்து வந்தார்கள். ஆனால் வெளியே விடவில்லை. முதலில் கணக்கை முடி என்றார்கள். நீட்டிய சீட்டில் 41,000 ரூபாய் என்றிருந்தது. அவர்கள் கேட்காத பொருள்களும் அதில் இருந்தன. கேள்வி கேட்டவனைச் சுற்றி ஆட்கள் நின்றார்கள். மற்ற மூவரின் கைபேசிகளிலும் பணம் போதவில்லை. இவன்தான் தன் கைபேசியில் இருந்த வங்கிக் கணக்கிலிருந்து பணத்தை அனுப்பினான்.

அது அவனுடைய வாப்பா சவூதியிலிருந்து மாதந்தோறும் பணம் அனுப்பும் கணக்கு. உம்மாவின் கைபேசி எண்தான் அதில் பதிவாகியிருந்தது. பணம் போன மறுவிநாடி, நூற்றுக்கணக்கான மைல் தொலைவில், தாழங்காற்று வீசும் நம் கடற்கரை ஊரொன்றில், தலைமாட்டில் வைத்திருந்த கைபேசி ஒலித்தது. நேரம் 2.17. தஹஜ்ஜுதுக்கு எழும் பழக்கமுள்ள அந்தத் தாய் அன்று அந்த ஒலியிலேயே விழித்துவிட்டார். ஆங்கிலம் படிக்கத் தெரியாது, எண்கள் தெரியும். தொகையைப் பார்த்தார், நேரத்தைப் பார்த்தார். உடனே மகனை அழைத்தார். வீதியில் நின்றிருந்த மகன் அழைப்பைத் துண்டித்தான். அதன்பின் அவர் அழைக்கவில்லை. பஜ்ர் வரை முஸல்லாவை விட்டு எழவும் இல்லை. இதைப் பின்னர் அவனுடைய லாத்தா அவனிடம் சொல்லியிருக்கிறார்.

விடுதியின் பின்வாசலில் நண்பன் உதட்டைப் பிடித்துக்கொண்டு அமர்ந்திருந்தபோது, உள்ளே தட்டுக் கழுவிக்கொண்டிருந்த பையன் ஒருவன் எழுந்து வந்தான். பதினெட்டு, பத்தொன்பது வயதிருக்கும். ஈரத் துணியில் பனிக்கட்டியைச் சுற்றிக் கொடுத்தான். தண்ணீர் கொடுத்தான். ஊர் எது என்று கேட்டதற்கு ஜார்க்கண்ட் என்றான். ஆட்டோ எங்கே கிடைக்கும் என்று கைகாட்டினான். அந்த இரவில் அவர்களிடம் பணம் கேட்காமல் எதையேனும் கொடுத்தவன் அவன் ஒருவன்தான். பெயரைக் கேட்கத் தோன்றவில்லை.

ஊர் திரும்பிய மகனுக்கு உம்மா சோறு பரிமாறினார். "சாப்பிடு, வாப்பா" என்றார். வேறொன்றும் கேட்கவில்லை. ஒரு வாரம் போயிற்று, ஒரு மாதம் போயிற்று, கேட்கவேயில்லை.

நம் கடல் கண்ட கதை

இவையெல்லாம் இக்காலத்துச் சீரழிவு, முற்காலத்தில் இல்லை என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். வாசகர்களே, அப்படியன்று. நம்முடைய இந்த மன்னார் வளைகுடாவே இதைப்போன்ற இரவுகளைப் பல நூற்றாண்டுகளாகக் கண்டிருக்கிறது.

முத்துக் குளிக்கும் பருவத்தைச் சலாபம் என்று நம் முன்னோர் அழைத்தனர். தூத்துக்குடிக் கரையிலும், எதிர்க்கரையில் இலங்கையின் அரிப்பு, சிலாவத்துறை, மரிச்சுக்கட்டி ஆகிய இடங்களிலும் சிப்பி விளைந்திருக்கும் ஆண்டுகளில் சலாபம் நடந்தது. தூத்துக்குடிப் பகுதியின் பரதவரும், கீழக்கரை முஸ்லிம்களும், அரபு நாட்டுக் குளிகாரரும் அங்கே திரண்டனர். இடுப்பில் கயிறும், காலடியில் கனத்த கல்லும், கழுத்தில் கூடையுமாகக் கடலுக்குள் இறங்கி, ஏறக்குறைய ஒரு நிமிடம் மூச்சடக்கிச் சிப்பியை அள்ளி மேலே வருவார்கள். ஒரு நாளில் எத்தனையோ முறை இப்படி இறங்க வேண்டும். மேலே கயிற்றைப் பிடித்திருக்கும் தோழனின் கையில்தான் உயிர்.

பிரிட்டிஷார் காலத்தில் இலங்கைக் கரைச் சலாபத்தில் பங்கு பிரித்த முறை நேர்த்தியானது. கரைக்கு வந்த சிப்பிகளைக் கொட்டு எனப்படும் அடைப்புக்குள் கொண்டுபோய்க் குளிகாரர்களே மூன்று குவியல்களாகப் பிரிக்க வேண்டும். அவற்றுள் இரண்டை அரசு அதிகாரி தேர்ந்தெடுத்துக்கொள்வார். எஞ்சிய ஒன்று குளிகாரருக்கு. எந்தக் குவியல் தமக்கு மிஞ்சும் என்று தெரியாததால் மூன்றையும் சமமாகவே பிரித்தாக வேண்டும். எவ்வளவு ஒழுங்கான கணக்கு!

ஆனால் கொட்டுக்கு வெளியே நின்ற உலகம் வேறு. சலாபம் நடக்கும் சில வாரங்களுக்கு மட்டும், ஆளற்ற மணற்பரப்பில் கீற்றும் மூங்கிலும் கொண்டு ஒரு பட்டணமே எழும்பும். முத்துக்களைப் பற்றி 1908 இல் பெருநூல் எழுதிய குன்ஸ், ஸ்டீவன்சன் என்னும் அமெரிக்கர் இருவர், மரிச்சுக்கட்டியில் கூடியவர்களைப் பட்டியலிட்டிருக்கிறார்கள். வணிகர், நகைத் தொழிலாளர், காவலர் என்று செல்லும் அந்தப் பட்டியலில் அடகு பிடிப்போரும் இருக்கின்றனர். அவர்களைத் தொடர்ந்து, வந்தவர்களை மகிழ்விக்கவும் கடல் தந்த செல்வத்தில் ஒரு பங்கைக் கறந்துகொள்ளவும் வந்த வித்தைக்காரர், சூதாடிகள், நடனப் பெண்கள் ஆகியோரும் இடம்பெறுகின்றனர்.

அந்தப் பட்டியலை மீண்டும் எண்ணிப் பாருங்கள். அடகுக் கடையும் சூதாட்டமும் நடனமும் ஒரே மணலில். இன்றைய உல்லாசக் கடற்கரையில் அடகுக்காரர் இருக்குமிடத்தில் கைபேசி இருக்கிறது, அவ்வளவே வேறுபாடு.

கொட்டைவிட்டு வெளியே வரும் குளிகாரரைச் சூழ்ந்துகொண்டு, திறக்கப்படாத சிப்பிகளை ஒன்றிரண்டாக விலைக்கு வாங்கத் துடிப்போரும் இருந்தனர். உள்ளே முத்து இருக்குமா, வெறும் சதைதானா என்று எவருக்கும் தெரியாது. இருப்பதை வைத்து இல்லாததைத் துரத்தும் அந்தத் தவிப்புக்குச் சூது என்பதன்றி வேறு பெயரில்லை.

முத்தால் நல்வாழ்வு கண்ட குடும்பங்கள் கீழக்கரையிலும் காயலிலும் உண்டு. எல்லாரும் கெட்டார்கள் என்று சொல்வது அநீதி. ஆயினும் நினைத்துப் பாருங்கள். பகலெல்லாம் மூச்சை அடக்கிச் சேர்த்த மூன்றில் ஒரு பங்கை, மூச்சுவிடக் கரைக்கு வந்த இரவில் பறிகொடுக்க அத்தனை பேர் கடை விரித்துக் காத்திருந்தார்கள். கடலுக்கடியில் கயிற்றைப் பிடிக்க ஒரு தோழன் இருந்தான். கரையில் அப்படிப் பிடிக்க யார் இருந்தார்?

தூத்துக்குடிக் கரையில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961 இல். கீற்றுப் பட்டணங்கள் காற்றோடு போயின. அந்தக் கடைவிரிப்பு மட்டும் இடம் மாறி நிற்கிறது.

இன்னொரு செய்தியும் நம் கரையைச் சேர்ந்ததே. 13 ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்து காயல் துறைமுகத்தைக் கண்ட மார்க்கோ போலோ, இந்நாட்டு வழக்கம் ஒன்றைக் குறித்து வைத்திருக்கிறார். மது அருந்துபவனைச் சாட்சியாகவோ பிணையாகவோ இங்கே ஏற்பதில்லையாம். கடலில் செல்பவனையும் ஏற்பதில்லை என்று சேர்த்து எழுதிவிட்டார். கடலோடிகளான நமக்கு அது சற்று வருத்தந்தான்! ஆனால் முதற்பகுதியின் கருத்து ஆழமானது. தன் கணக்கைத் தானே மறப்பவனைப் பிறர் கணக்குக்கு எப்படிப் பொறுப்பாக்குவது என்று அன்றைய மக்கள் சிந்தித்திருக்கிறார்கள்.

வாயிலை மறித்த கணக்கு

மதுவையும் சூதையும் பற்றி மக்கள் கேட்டபோது, அவற்றில் பயனே இல்லை என்று திருமறை கூறவில்லை. பெரும் பாவமும் உண்டு, மக்களுக்குச் சில பயன்களும் உண்டு; ஆனால் பயனைவிடப் பாவமே பெரிது என்னும் கருத்தை அல்பகரா அத்தியாயத்தின் 219 ஆம் வசனம் எடுத்துரைக்கிறது. பின்னர் படிப்படியாக வந்து, அல்மாயிதாவின் 90 ஆம் வசனத்தில் முழுத் தடை இறங்கியது. முதலில் கணக்குப் பார்க்கக் கற்பித்துவிட்டு, அதன்பின் விலக்கிய அந்த முறையின் அழகைக் கவனியுங்கள். அந்த இளைஞன் சொன்ன முதல் அரைமணி நேர மகிழ்ச்சியை மறுக்க வேண்டியதில்லை. எஞ்சிய மூன்றரை மணி நேரத்தையும் 41,000 ரூபாயையும் கிழிந்த உதட்டையும் துண்டித்த அழைப்பையும் எதிர்த்தட்டில் வைத்தால் போதும்.

வாடிக்கையாளன் கணக்கை மறக்க வேண்டும். விடுதி ஒரு பைசாவையும் மறக்காது. இதுவே அத்தொழிலின் சூத்திரம். 2024 ஜூனில் டில்லியில் நடந்த ஒன்றைக் கேளுங்கள். அரசுப் பணித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த இளைஞர் ஒருவர், கைபேசிச் செயலி வழியாக அறிமுகமான பெண் அழைத்தாள் என்று ஒரு கடைக்குப் போனார். சிறிது நேரத்தில் அவள் ஏதோ காரணம் கூறிப் போய்விட்டாள். அவர் கையில் வந்தது ஒரு இலட்சத்து இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட தொகைக்கான சீட்டு. மிரட்டலுக்கு அஞ்சிக் கட்டிவிட்டு, பிறகு காவல் நிலையம் சென்றார். அந்தப் பெண்ணும் கடைக்காரரும் கூட்டு என்பது விசாரணையில் வெளிப்பட்டது.

பணத்தோடு போவது சிறு இழப்பு. பிரேசில் நாட்டின் சாந்தா மரியா நகரில் 2013 ஜனவரி 27 ஆம் நாள் அதிகாலை, 'கிஸ்' என்னும் இரவு விடுதியில் மேடையில் கொளுத்திய வாணம் கூரையின் ஒலித்தடுப்புப் பஞ்சில் பற்றிக்கொண்டது. நச்சுப்புகை சூழ, உள்ளிருந்த மாணவர்கள் வாயிலை நோக்கி ஓடினார்கள். தீ என்று அறியாத காவலர்கள், கணக்கை முடிக்காமல் ஓடுகிறார்கள் என்றெண்ணி முதலில் அவர்களை மறித்தார்கள். அந்தச் சில நொடிகளும் சேர்ந்து பறித்த உயிர்கள் 242. உயிர் வாயிலைத் தேடி ஓடும்போதும் கணக்கு குறுக்கே வந்து நின்ற அந்தக் காட்சியை நினைத்தால் நெஞ்சு நடுங்குகிறது.

ஆர்ப்போராவிலும் குறுகிய வழிகள். தீயணைப்பு வண்டிகள் விடுதியை நெருங்க முடியாமல் தொலைவிலேயே நின்றன. கட்டடத்தை இடிக்க வேண்டும் என்று ஊராட்சி ஏற்கெனவே அறிவிப்புக் கொடுத்திருந்தும் அது செயலுக்கு வரவில்லை. தீ எரிந்த சில மணி நேரத்திற்குள் உரிமையாளர்கள் இருவர் விமானமேறித் தாய்லாந்து சென்றுவிட்டார்கள். அந்த மாதத்திலேயே அவர்கள் திருப்பி அழைத்து வரப்பட்டார்கள்.

தீயில் மாண்டவர் யார்?

இங்கேதான், வாசகர்களே, என் தவறைச் சொல்ல வேண்டியிருக்கிறது. "இறைவனின் பிடி" என்று நான் பேசினேனல்லவா? அதைக் கேட்டுத்தான் அந்த இளைஞன் தூணருகே அமர்ந்திருந்தான். அவன் கேட்டது இதுதான்: "ஹஜ்ரத், செத்தவர்களில் 20 பேர் அங்கே வேலை பார்த்தவர்கள். ஆடியவர்கள், குடித்தவர்கள் பெரும்பாலும் வெளியே வந்துவிட்டார்கள். சமையற்கட்டில் இருந்தவர்கள்தாம் புகையில் மாட்டிக்கொண்டார்கள். எங்களுக்குத் தண்ணீர் கொடுத்தானே, அவனைப்போன்ற பையன்கள். நான் குடித்தேன், நான் உயிரோடு இருக்கிறேன். அவன் தட்டுக் கழுவினான். இது யாருக்கு வந்த தண்டனை?"

என்னிடம் விடையில்லை.

உண்மைதான். மாண்ட 25 பேரில் சுற்றுலாப் பயணிகள் ஐவர். மற்றவர்கள் ஜார்க்கண்ட், அஸ்ஸாம், உத்தராகண்ட் போன்ற மாநிலங்களிலிருந்தும் நேபாளத்திலிருந்தும் பிழைக்க வந்த தொழிலாளர்கள். பலர் கீழ்த்தளத்துச் சமையற்கட்டில் மூச்சுத்திணறி இறந்தார்கள். வளைகுடா நாடுகளில் நம் தந்தையரும் சகோதரர்களும் இருப்பதைப்போல், ஊருக்குப் பணம் அனுப்புவதற்காக அங்கே இருந்தவர்கள். அவர்கள் வீட்டிலும் ஒரு தாயின் கைபேசி அந்த இரவில் ஒலித்திருக்கும்.

மதுவைப் பரிமாறிப் பிழைப்பதை மார்க்கம் அனுமதிக்கவில்லை, அதில் ஐயமில்லை. ஆனால் பசியால் அந்த வேலைக்குப் போனவனின் சாவைக் காட்டிப் பாடம் நடத்தி நிறைவு கொள்வதையும் மார்க்கம் அனுமதிக்கவில்லை. யாரை எதற்காகப் பிடித்தான் என்று அல்லாஹ்வின் சார்பில் தீர்ப்பு எழுத எனக்கு அதிகாரம் தந்தவர் யார்?

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் காலத்தில் மது அருந்திய குற்றத்துக்காகப் பலமுறை தண்டனை பெற்ற மனிதர் ஒருவர் இருந்தார். மீண்டும் அவர் கொண்டுவரப்பட்டபோது, எத்தனை முறைதான் இவன் இப்படி வருவான் என்று ஒருவர் சபித்தார். அண்ணலார் (ஸல்) அவர்கள் அதைத் தடுத்தார்கள். அம்மனிதர் அல்லாஹ்வையும் அவன் தூதரையும் நேசிப்பவர் என்று சொல்லி, சபிக்க வேண்டாம் என்றார்கள். குற்றத்துக்குத் தண்டனையும் இருந்தது. குற்றவாளிக்கு வீடு திரும்ப வழியும் இருந்தது. நம்மிடம் முதலாவது மட்டும் மிஞ்சி, இரண்டாவது குறைந்துவிட்டதோ என்று அஞ்சுகிறேன்.

நம்முடைய கணக்கு

"அங்கே ஏன் போனாய்?" என்று அவனிடம் கேட்டேன். அவனுடைய விடையைத் தாய்தந்தையர் அனைவரும் கேட்க வேண்டும்.

"குடிக்கப் போகவில்லை, ஹஜ்ரத். சேர்ந்து சிரிக்கப் போனோம். நம் ஊரில் இஷாவுக்குப் பிறகு நாலு பேர் தெருமுனையில் நின்றால், வீட்டுக்குப் போங்கள் என்கிறார்கள். பள்ளிவாசல் திண்ணையில் உட்கார்ந்து சிரித்தால் அதட்டுகிறார்கள். வீட்டுக்குள் வாப்பா இல்லை. இருக்கிற மாமாமார் எங்களைக் கண்டாலே அறிவுரை சொல்கிறார்கள். எங்களோடு உட்கார்ந்து பேச யாருக்கும் நேரமில்லை."

இது தப்பித்துக்கொள்ளச் சொன்ன சாக்கு என்று தள்ளிவிடலாம். நான் தள்ளவில்லை. ஹராமின் கதவு இரவெல்லாம் விளக்கெரியத் திறந்திருக்கிறது. ஹலாலின் கதவை ஒன்பது மணிக்கே பூட்டிவிட்டுப் பிள்ளைகள் வழிதவறுகிறார்கள் என்று புலம்புகிறோம்.

நம் மார்க்கம் மகிழ்ச்சிக்குப் பகையன்று. பெருநாள் அன்று அபிசீனியர்கள் பள்ளிவாசலில் ஈட்டி விளையாட்டு நடத்த, அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் சலிக்கும் வரை பார்த்து மகிழ அண்ணலார் (ஸல்) அவர்கள் துணைநின்றார்கள். அன்னையாரோடு ஓட்டப் பந்தயம் ஓடினார்கள். தங்களிடம் இருக்கும்போதுள்ள பக்தி, மனைவி மக்களோடு இருக்கும்போது குறைந்துவிடுகிறதே என்று ஹன்ழலா (ரலி) அவர்கள் கலங்கியபோது, அதற்கொரு நேரம் இதற்கொரு நேரம் என்ற கருத்தில் ஆறுதல் கூறினார்கள். சிரிப்புக்கும் ஒரு நேரம் உண்டு என்று கற்பித்த நபியின் உம்மத்து நாம்.

காயல்பட்டினத்துக் கடற்கரையில் மாலைதோறும் குடும்பம் குடும்பமாக மணலில் அமர்ந்து பேசும் காட்சியைப் பார்த்தவர்கள் அறிவார்கள். காற்று வாங்கக் கட்டணம் இல்லை. அங்கே இளைஞருக்கும் ஓர் இடம் ஒதுக்குங்கள். மஹல்லாவில் பூட்டிக் கிடக்கும் அறை ஒன்றை இஷாவுக்குப் பின் திறந்துவிட்டு, தேநீருக்கு ஒரு பாத்திரமும் கேரம் பலகை ஒன்றும் வையுங்கள். பந்து விளையாடட்டும், ஓடத்தில் போய்த் தூண்டில் போடட்டும். ஆண்டுக்கு ஒருமுறையேனும் குடும்பத்தோடு பயணம் போங்கள். மலையும் அருவியும் கடலும் அல்லாஹ்வின் அத்தாட்சிகள். அவற்றைக் குடிகாரருக்கு விட்டுக்கொடுத்துவிட்டு நாம் வீட்டுக்குள் முடங்க வேண்டியதில்லை.

இளைஞர்களே, உங்களுக்கும் ஒரு சொல். வெளியேறும் வழி தெரியாத இடத்தில் நுழையாதீர்கள். விலை சொல்லாத பொருளைத் தொடாதீர்கள். வீட்டில் உண்மையான ஊர்ப் பெயரைச் சொல்ல முடியாத பயணத்துக்குச் சீட்டு வாங்காதீர்கள். இறைவனிடம் கணக்குக் கொடுக்குமுன் நம்மை நாமே கணக்குப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று உமர் (ரலி) அவர்கள் அறிவுறுத்தியதை ஒவ்வோர் இரவும் நினையுங்கள். தவறிவிட்டால், வீட்டிலிருந்து வரும் அழைப்பைத் துண்டிக்காதீர்கள்.

அந்த இளைஞன் அன்று மாலையே தன் உம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். மாதம் ஐயாயிரம் வீதம் அந்தப் பணத்தை வாப்பாவின் கணக்கில் திரும்பச் சேர்ப்பதாக வாக்களித்தான். அடுத்த நாள் வந்து என்னிடம் கூறினான்: "உம்மா பணத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை, ஹஜ்ரத். எங்கே போனாய், என்ன செய்தாய் என்றுகூடக் கேட்கவில்லை. 'நான் கூப்பிட்டபோது ஏன் வாப்பா வெட்டினாய்? உனக்கு என்ன ஆனதோ என்று நினைத்தேனே' என்று மட்டும் கேட்டார்."

இரண்டு மாதங்கள் அந்தத் தாயின் நெஞ்சில் இருந்த கணக்கு அது ஒன்றுதான்.

அதற்கடுத்த சுபுஹில் என் பேச்சைத் திருத்திக்கொண்டேன். முன்னர் சொன்னது என் பிழை என்று கூறி, தீயில் மாண்ட அந்தத் தொழிலாளர்களின் குடும்பத்தாருக்கு ஆறுதலும் பொறுமையும் கிடைக்கத் துஆச் செய்தேன். முன்வரிசைப் பெரியவர்கள் ஆமீன் சொன்னார்கள். பின்வரிசையிலிருந்தும் ஒரு குரல் கேட்டது.

வல்ல நாயன் அல்லாஹ், நம் பிள்ளைகளின் இரவுகளைக் காப்பானாக! அவர்களுக்காக விழித்திருக்கும் தாய்மாரின் உள்ளங்களைக் குளிரச் செய்வானாக! பிறரைக் கணக்குக் கேட்குமுன் நம் கணக்கை நினைக்கும் நல்லுள்ளத்தை நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.